பத்து மணிக்கு ரோல்ஸ் தேடாத காலைச் சாப்பாடு

பத்து இடியப்பம், ஒரு அகப்பை சொதி, ஒரு பிடி தேங்காய்ச் சம்பல். காலை ஏழு மணிக்கு இதைச் சாப்பிட்டு வெள்ளவத்தையில் பஸ் ஏறுகிறவருக்கு, கோட்டையிலுள்ள கந்தோரில் பத்து மணித் தேத்தண்ணி வரும்போது கண் ரோல்ஸ் தட்டில்தான் நிற்கும். தட்டு நிறையத்தான் சாப்பிட்டார். ஆனால் புரதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடையில் வாங்கும் சின்ன இடியப்பம் ஒன்றில் 1 கிராமுக்கும் குறைவு. பத்துக்கும் சேர்த்து 7 கிராம் அளவில் வரும். சொதியில் தேங்காய்ப்பாலும் உருளைக்கிழங்குத் துண்டும், சம்பலில் தேங்காய்ப்பூ. இரண்டும் சேர்ந்து இன்னொரு 2 கிராம். மொத்தம் 9.

பாண் சாப்பிடுகிறவர் கொஞ்சம் மேல். 450 கிராம் றாத்தலில் கால்வாசி 110 கிராம். அதில் 9 முதல் 10 கிராம் புரதம் உண்டு. தண்ணிப் பருப்பு தொட்டுக்கொண்டால் 13 வரை போகும். சூன் பாண் வண்டியின் சத்தம் கேட்டு ஓடிப்போய் ஒரு சீனிச்சம்பல் பணிஸ் வாங்கி, பால்தேத்தண்ணியோடு காலையை முடிப்பவருக்கு 8 கிராம் கிடைத்தால் பெரிய விஷயம்.

பசியை மதியம் வரை தள்ளிவைக்க நாங்கள் சொல்லும் இலக்கு 25 கிராம். 20க்கும் 30க்கும் இடையில் எங்கு நின்றாலும் பிழையில்லை.

வயிற்றுக்குள் நடப்பது

வயிறு வெறுமையாகும்போது அதன் சுவரிலிருந்து கிரெலின் என்ற ஓமோன் சுரந்து மூளையில் பசியைக் கிளப்பும். 1999இல் யப்பானில் கோஜிமா, கங்காவா ஆகியோரின் குழு கண்டுபிடித்தது இது. சாப்பிட்டதும் கிரெலின் இறங்கும். மாப்பொருளை மட்டும் சாப்பிட்டால் வேகமாக இறங்கி, சில மணி நேரத்தில் திரும்பவும் ஏறிவிடும். புரதம் கணிசமாக இருந்தால் கூடுதல் நேரம் கீழேயே கிடக்கும். அதோடு, புரதம் குடலுக்குள் இறங்கும்போது பிவைவை, ஜிஎல்பி-1, சிசிகே என்ற ஓமோன்கள் கிளம்பி மூளைக்குப் 'போதும்' என்று சொல்லும். வயிறு காலியாகும் வேகத்தையும் மட்டுப்படுத்தும். எடை குறைக்க இப்போது போடும் செமகுளூடைட் ஊசி அந்த ஜிஎல்பி-1 செய்யும் வேலையைத்தான் பிரதி செய்கிறது. அதற்காக இரண்டு முட்டை ஊசியின் வேலையைப் பார்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆய்வுகள் சொல்வது இரண்டு பக்கமும் உண்டு. அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் 2013இல் வெளியான ஆய்வில், காலைச் சாப்பாட்டைத் தவறவிடும் பழக்கமுள்ள, எடை கூடிய இளம்பெண்களுக்கு 350 கலோரியில் இரண்டு விதமான காலைச் சாப்பாடு கொடுத்தார்கள்: ஒன்றில் 13 கிராம் புரதம், மற்றதில் 35. கலோரி ஒன்றுதான். 35 கிராம் சாப்பிட்ட நாட்களில் இரவு நொறுக்குத்தீனி குறைந்தது. ஆனால் டென்மார்க்கில் 2024இல் வந்த ஆய்வில், புரதம் கூடிய காலைச் சாப்பாடு வயிறு நிறைந்த உணர்வைக் கூட்டியதே தவிர, அன்று முழுவதும் சாப்பிட்ட கலோரியைக் குறைக்கவில்லை. ஆகவே இதிலிருந்து எதிர்பார்க்க வேண்டியது, மதியம் வரை நிம்மதியாக வேலை பார்க்க முடிவது. அதற்குப் பிறகு எவ்வளவு சோறு போட்டுக்கொள்கிறீர்கள் என்பதற்குக் காலை முட்டை பொறுப்பேற்காது.

புரதம் ஒன்றே எல்லாம் என்றும் நினைக்க வேண்டாம். 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை, ஒவ்வொன்றிலும் 240 கலோரி அளவாகக் கொடுத்து, எது எந்த அளவுக்கு வயிற்றை நிறைவாக வைத்திருக்கிறது என்று அளந்தார்கள். வெள்ளைப் பாணுக்கு 100 புள்ளி என்று வைத்தால் முட்டைக்கு 150, மீனுக்கு 225. முதலிடம் யாருக்கு? அவித்த உருளைக்கிழங்குக்கு, 323. அதில் புரதம் சொற்பம். தண்ணீரும் கனமும்தான் அந்த வேலையைச் செய்தன. வெண்ணெயும் மாவுமான குரோசன் 47இல் நின்றது. அவித்த கடலை (கொண்டைக்கடலை), பயறு, கௌபி காலைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு பொருத்தமாக இருப்பதும் இதனால்தான். புரதம், நார், தண்ணீர் மூன்றும் ஒரே பருக்கைக்குள் இருக்கின்றன.

கூட்டாதீர்கள், மாற்றுங்கள்

பெரும்பாலானோர் விடும் பிழை முதல் நாளே நடக்கும். பத்து இடியப்பத்தை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் இரண்டு முட்டைப் பொரியலைச் சேர்ப்பார்கள். பசி தள்ளிப்போகும், உண்மை. கூடவே 200 கலோரியும் ஏறும். இடியப்பத்தை ஐந்தாக்கி, வெறுமையான பாதித் தட்டில் புரதத்தை வையுங்கள். பாண் என்றால் கால் றாத்தலுக்குப் பதில் மூன்று துண்டு, ஏறக்குறைய 75 கிராம்.

கையளவுக்கு மனதில் வைத்திருக்க வேண்டிய எண்கள் அதிகமில்லை. ஒரு முட்டை 6 கிராம். 200 மில்லிலீற்றர் தேத்தண்ணிக் கோப்பை நிறைய அவித்த கடலை 12. அதே கோப்பையில் பயறும் 12, கௌபி 11. ஒரு கோப்பை பால் 6.5. தோசை ஒன்று, உழுந்து மூன்றில் ஒரு பங்காவது இருந்தால், 5 அளவில். எண்ணெய் வடித்த ரின்மீன் 100 கிராமில் 20. தோலோடு ஒரு சின்னப் பிடி கச்சான் (நிலக்கடலை), 15 கிராம் எடுத்தால் 4. சோயா மீற் காய்ந்த நிலையில் 25 கிராம் எடுத்தால் 12. கட்டித் தயிர் 100 கிராமில் 4. இவற்றைக் கூட்டி 25ஐத் தொட்டால் முடிந்தது.

ஐந்து இடியப்பம், இரண்டு அவித்த முட்டை, கட்டியான பருப்புக்கறி: 24. மூன்று துண்டு பாணுக்குள் 80 கிராம் ரின்மீன்: 23. வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் ஒரு கோப்பை கடலை, ஒரு தோசை, ஒரு கோப்பை சீனி போடாத பால்: 23 முதல் 24. பால் பிடிக்காதவர் கச்சானையும் தயிரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கடலை: ஞாயிறு இரவில் நான்கு நாளுக்கு

சரஸ்வதி பூசைக்கு அவலோடு கடலை அவிக்கத் தெரிந்த வீட்டில் இது புதிதல்ல. அளவும் நேரமும் மட்டும் கவனம். 250 கிராம் காய்ந்த கடலை அவிந்ததும் ஏறக்குறைய 600 கிராமாகும். 150 கிராம் வீதம் நாலு பங்கு, ஒவ்வொன்றிலும் 12 முதல் 13 கிராம் புரதம்.

கழுவி, மூன்று மடங்கு தண்ணீரில் 8 முதல் 10 மணி நேரம் ஊற வையுங்கள். கொழும்பின் வெக்கையில் மேசையில் விட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் மேலே நுரை படிந்து புளிப்பு வாடை அடிக்கும். அது புளிக்கத் தொடங்கிவிட்ட அடையாளம். ஏப்ரல் மே மாதங்களில் பாத்திரத்தை பிரிட்ஜுக்குள் வைப்பதே நல்லது. அப்போது 12 மணி நேரம் கொடுக்க வேண்டும். ஊறிய தண்ணீரை ஊற்றிவிடுங்கள். வயிற்றில் வாய்வு கிளப்பும் சில சர்க்கரைகள் அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும்.

புதுத் தண்ணீர், கடலைக்கு மேல் ஒரு அங்குலம். அரைத் தேக்கரண்டி உப்பு போடலாம்; கடலை கல்லாகிவிடும் என்ற பயம் உப்புக்கு வேண்டாம். கல்லாக்குவது புளி. தக்காளி, தேசிக்காய், கொறுக்காய் எதுவும் கடலை அவிந்து முடியும் வரை பக்கத்தில் வரக் கூடாது. குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம். மூடியைத் தானாக ஆறவிட்டுத் திறந்து ஒரு பருக்கையை இரண்டு விரலுக்கு நடுவே நசுக்குங்கள். வெண்ணெய் போல மசிந்தால் சரி. நடுவில் வெள்ளையாக, மணல் மணலாக ஒரு புள்ளி தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம். பாதி அவிந்த கடலைதான் பதினொரு மணிக்கு வயிற்றை உப்ப வைப்பது.

முப்பது நிமிடம் கடந்தும் மசியாத கடலை பழைய சரக்கு. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மூட்டைக் கணக்கில் விற்கும் கடைகளில் விலை குறைவு. ஆனால் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பாருங்கள். தூள் கொட்டினாலோ, தோல் மங்கிப்போய் ஓட்டைகள் தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். வாங்கியாகிவிட்டது என்றால் 250 கிராமுக்குக் கால் தேக்கரண்டி அப்பச்சோடா ஊற வைக்கும் தண்ணீரில் உதவும். அதற்கு மேல் போட்டால் சவர்க்காரச் சுவை.

காலையில் பங்கை எடுத்துத் தாளிக்க ஐந்து நிமிடம். தாச்சியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய், கடுகு, இரண்டு செத்தல் மிளகாய், அரை வெங்காயம், கறிவேப்பிலை. வெங்காயம் கண்ணாடியானதும் கடலையைக் கொட்டி, ஈரம் வற்றி 'சட் சட்' என்று சத்தம் வரும் வரை கிளறி இறக்கி, தேசிக்காய்ப் புளி விடுங்கள். தேங்காய்ச் சொட்டு போட்டால் காலிமுகத்திடல் வண்டிக் கடலையின் ருசி வரும்தான். ஆனால் டப்பாவில் கட்டிக் கந்தோருக்குக் கொண்டுபோகிறவர் அதை விட்டுவிடுவது நல்லது. பச்சைத் தேங்காய் நம் சூட்டில் மதியத்துக்குள் சிக்கெடுத்துவிடும்.

அவித்த கடலை பிரிட்ஜில் மூடி வைத்தால் மூன்று முதல் நாலு நாள். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

பயறுக்கு இத்தனை பாடில்லை. ஊற வைக்காமலேயே 25 நிமிடத்தில் சட்டியில் அவியும். கௌபி இரண்டுக்கும் நடுவில்.

பருப்பு ஓடக் கூடாது

மைசூர் பருப்பு காய்ந்த நிலையில் 100 கிராமுக்கு 24 கிராம் புரதம். இவ்வளவு நல்ல சரக்கைத் தண்ணீரில் கரைத்து வீணாக்குவதில் நம் ஆட்களை மிஞ்ச முடியாது. நாலு பேருக்கு 100 கிராம் பருப்பு போட்டு, சட்டி நிறையத் தண்ணீரும் இரண்டாம் பாலும் விட்டால் ஒருவருக்கு 6 கிராம். அதிலும் பாதி தட்டிலேயே தேங்கிவிடும்.

ஒருவருக்கு 40 கிராம், அதாவது நிறையக் குவித்த மூன்று மேசைக்கரண்டி. கோப்பையால் அளந்தால் பருப்பு ஒன்றுக்குத் தண்ணீர் இரண்டு. மஞ்சள், பச்சை மிளகாய், வெங்காயம் போட்டு நடுத்தரத் தீயில் 12 நிமிடம். பொங்கி வரும் நுரையை எடுத்துவிடுங்கள். மசிந்ததும் உப்பும், ஒருவருக்கு ஒரு மேசைக்கரண்டி முதற்பாலும். முதற்பால் 100 மில்லிலீற்றரில் 200 கலோரிக்கு மேல் இருக்கிறது, கை தாராளம் இங்கே வேண்டாம். பதம் பார்ப்பது சுலபம்: ஒரு கரண்டி எடுத்து இடியப்பத்தின் மேல் வையுங்கள். அது அங்கேயே உட்கார வேண்டும். இழைக்குள் இறங்கித் தட்டின் விளிம்புக்கு ஓடினால், மூடியைத் திறந்து இன்னும் மூன்று நிமிடம் வற்ற விடுங்கள். இந்தப் பதத்தில் ஒருவருக்கு 9 கிராமுக்குக் கொஞ்சம் மேல்.

முட்டையும் மீனும்

பிரிட்ஜில் இருந்த முட்டையைக் கொதிக்கும் தண்ணீரில் மெதுவாக இறக்கி 10 முதல் 11 நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் குளிர்ந்த தண்ணீர். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வந்தால் நேரம் கூடிவிட்டது என்று பொருள், சாப்பிடக் கெடுதியில்லை. தோலோடு ஒரு வாரம் பிரிட்ஜில் இருக்கும், உரித்தால் அன்றே முடிக்க வேண்டும். கொலஸ்ட்ரோல் கூடியவர்கள் ஒரு முழு முட்டையும் இரண்டு வெள்ளைக்கருவும் எடுக்கலாம். வெள்ளைக்கரு ஒன்றில் 3.5 கிராம்.

ரின்மீன் வாங்கும்போது பெரிய எழுத்தில் இருக்கும் நிறையைப் பார்க்காதீர்கள். அதில் குழம்பும் சேர்ந்தது. வடித்த நிறை என்று தனியே சின்னதாகப் போட்டிருக்கும், கணக்கு அதிலிருந்துதான். மீனை ஒருமுறை தண்ணீரில் அலசினால் உப்பு குறையும். வெங்காயம், பச்சை மிளகாய், மிளகு, தேசிக்காயோடு பிசைந்தால் சமைக்கவே தேவையில்லை. மிச்சத்தை ரின்னோடு பிரிட்ஜில் வைக்காமல் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றி இரண்டு நாளுக்குள் முடியுங்கள்.

நெத்தலிக் கருவாடு 15 கிராமில் 9 கிராம் புரதம் இருக்கிறது. உப்பும் நிறையவே இருக்கிறது. சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊறப் போட்டுப் பிழிந்து சமையுங்கள், பிரஷர் உள்ளவர்கள் இதை அன்றாடம் வைக்க வேண்டாம். சோயா மீற் பக்கெற்றுக்குள் வரும் மசாலாத் தூளும் அப்படித்தான். பாதியைத் தூக்கிப் போட்டு வீட்டுத் தூளைப் போடுங்கள். சொசேஜ் இந்தக் கணக்கில் வராது: 100 கிராமுக்கு 12 கிராம் அளவுதான் புரதம், கொழுப்பும் உப்பும் கூட.

சரியாகச் செய்தும் பசிக்கிறதென்றால்

முதலில் குடிக்கும் பொருளைப் பாருங்கள். மோல்ற் பானத்தைப் புரதமாகக் கணக்கில் சேர்ப்பவர் பலர். அந்தத் தூளில் பெரும்பங்கு மோல்ற்றும் சீனியும். பொதுவாகவே, குடிக்கும் சாப்பாடு மெல்லும் சாப்பாட்டின் அளவுக்கு வயிற்றைக் கட்டிப்போடாது. இலைக்கஞ்சி உடம்புக்கு நல்லதுதான், ஆனால் அதை மட்டும் குடித்துவிட்டுப் போனால் பத்து மணிப் பசி நிச்சயம். பக்கத்தில் ஒரு கோப்பை பயறு இருக்கட்டும்.

அடுத்தது வேகம். மூன்று நிமிடத்தில் விழுங்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினால் குடல் ஓமோன்கள் வேலை தொடங்கும் முன்பே சாப்பாடு முடிந்துவிடும். பதினைந்து நிமிடமாவது கொடுங்கள். அது முடியாத வீட்டில் கடலையையும் முட்டையையும் டப்பாவில் எடுத்துப்போய் எட்டரைக்குக் கந்தோரில் சாப்பிடுவது மேல். விடிந்தவுடன் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று ஒரு சட்டமும் கிடையாது.

முட்டையும் மீனுமாக மட்டும் வைத்துக்கொண்டு காய்கறி, பழம், தண்ணீர் எல்லாம் விட்டவருக்கு மலச்சிக்கல் வரும், பசியும் சீக்கிரம் வரும். ஒரு துண்டு பப்பாசி போதும். மறுபக்கம், கடலைப் பழக்கமே இல்லாதவர் முதல் நாளே ஒரு கோப்பை சாப்பிட்டால் வாய்வால் அவதிப்பட்டு 'எனக்கு ஒத்துவராது' என்று விட்டுவிடுவார். அரைக் கோப்பையில் தொடங்கி இரண்டு வாரத்தில் கூட்டுங்கள்.

பிளேன்ரீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் பொறுங்கள். தேயிலையில் உள்ளவை பயறு, கடலையின் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். தேசிக்காய்ப் புளி அதற்கு நேர்மாறாக உதவும்.

கடையில் சாப்பிட வேண்டியிருந்தால் சைவக் கடையில் இரண்டு தோசையோடு நிறுத்தி, சாம்பாருக்குப் பதில் கடலைக்கறி இருக்கிறதா என்று கேளுங்கள். மாலுபாணுக்குள் இருப்பது பெரும்பாலும் கிழங்கு, மீன் பெயருக்குத்தான்.

சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ எடுப்பவர் இடியப்பத்தைப் பாதியாக்கினால் சீனி தாழ்ந்துபோக இடமுண்டு. மருந்தின் அளவை முதலில் பேசிக்கொள்ள வேண்டும். தைரொக்சின் எடுப்பவர் குளிசைக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் இடையில் 30 முதல் 60 நிமிடமாவது விட வேண்டும்; பால், சோயாவுக்கு இன்னும் கூடுதல் இடைவெளி வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

உங்களுக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டு வாரம் போதும். முதல் வாரம் வழக்கமான சாப்பாடு. இரண்டாம் வாரம் 25 கிராம், அதே நேரத்தில். வேலைநாள் ஐந்திலும் பத்து மணிக்கும் பதினொன்றரைக்கும் மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பும் பசிக்குப் பத்துக்கு எத்தனை என்று கைபேசியில் ஒரு எண் குறியுங்கள். இடையில் வாயில் போட்டது எதுவாக இருந்தாலும் அதையும். பதினொன்றரை மணி எண் இரண்டாம் வாரத்தில் இரண்டு புள்ளியாவது இறங்கியிருந்தால் தொடருங்கள். இறங்கவில்லை என்றால் ஒருநாள் சமையலறைத் தராசில் கடலையை நிறுத்துப் பாருங்கள். கோப்பை நிறைய என்று நினைத்தது பல வீடுகளில் அரைக் கோப்பைதான்.